வியர்க்காத சாமி

மாசிலாமணி மடத்தில் வந்து சேரும்போது அவருக்குத் தலை நரைத்துவிட்டது. அதற்கு முன் பாதி ஆயுளைச் சுங்கச்சாவடிக் காவலில் கழித்தவர். வண்டிக்காரன் நெற்றி வியர்த்திருந்தால் போதும், மூட்டையை அவிழ்க்கச் சொல்லிவிடுவார். காவி கட்டிய பிறகும் அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை.

அவருக்கு வாய்த்த குரு நல்லசிவமோ ஓயாமல் வியர்ப்பவர். விறகு பிளந்தாலும் வியர்க்கும், சும்மா கண்மூடி உட்கார்ந்தாலும் அக்குள் நனையும். மூக்கு நுனியில் எந்நேரமும் எண்ணெய் மினுங்கும். திருட்டுத்தனமாக நெய் சாப்பிடுகிறாரோ என்று மாசிலாமணி அடுக்களைச் சட்டியை எட்டிப் பார்த்தார். நெய் குறையவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

அந்தச் சித்திரையில் ஊருக்கு வெளியே ஒரு சாமி வந்து பாறைமேல் அமர்ந்தார். சுற்றிலும் தீ மூட்டி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத தவம். உடம்பில் பொட்டு வியர்வை இல்லை என்று ஊரே பேசியது. மாசிலாமணி போய்ப் பார்த்தார். சாமியின் முகம் வற்றிய குளம்போல வெடித்துக் கிடந்தது. காலைத் தொட்டுக் கும்பிட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இனி இவர்தான் நம் குரு என்று முடிவுகட்டி, துணிமணியை எடுக்க மடத்துக்குத் திரும்பினார்.

நல்லசிவம் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கேட்டுட்டே போறேன் சாமி. மறைக்க ஒண்ணுமில்லாத ஆளுக்கு எதுக்கு இப்படி வியர்க்குது? பாறைச் சாமிக்கு ஒரு பொட்டு இல்லை."

"இந்த வெயில்லயா?"

"நெருப்பு நடுவுல."

"தொட்டுப் பாத்தீரா?"

"கால் அனலாச் சுட்டுது. தவச்சூடு."

"ஏதாவது பேசினாரா?"

"என்னமோ குழறினாரு. நமக்கெல்லாம் புரியுமா?"

குரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பொறாமை, தவத்தைக் கெடுக்கத்தான் ஓடுகிறார் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. பின்னாலேயே ஓடினார்.

குரு தீயைக் கலைத்துவிட்டு, குடத்துத் தண்ணீரைச் சாமியின் தலையில் கவிழ்த்தார். சாமி பக்கவாட்டில் சரிந்தார். கொன்றுவிட்டான் என்று கூட்டம் பதறியது. யாரோ கம்பால் குருவின் முதுகில் அடித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சாமியை நிழலுக்கு இழுத்துப்போட்டு, ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்து, விசிறிக்கொண்டே இருந்தார். மாசிலாமணி அவர் கையைப் பிடித்துத் தடுக்கப் போனார். அப்போது சாமி கண்ணைத் திறந்து, தண்ணீர் என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் சாமியின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. அதைப் பார்த்த பிறகுதான், இனி பிழைத்துக்கொள்வார் என்று குரு நிம்மதியாக மூச்சு விட்டார். கூட்டமும் அதைப் பார்த்தது. வியர்க்கிற சாமி யாருக்கு வேண்டும்? ஒவ்வொருவராக வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மாசிலாமணி மட்டும் நின்றார். அந்த உதட்டையே உற்றுப் பார்த்தார்.

"அப்போ இவரும் போலிதானா சாமி?"

"அதை நாளைக்கு அவர்கிட்டயே கேளும். இப்ப தலையைத் தூக்கிப் பிடியும், இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கணும்."