மஞ்சள் புள்ளி வைத்த போல்ட்

"மூணாவது தடவையும் கழட்டிப் பாத்துட்டேன். என் வேலையில தப்பே இல்லைங்க மாஸ்டர்," என்றாள் வளர்மதி.

மாஸ்டர் சாதிக் வேறொரு வண்டியின் இன்ஜினில் குனிந்திருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அப்புறம் ஏங்கக்கா வண்டி திரும்பித் திரும்பி வருது?"

அவளுக்குச் சுருக்கென்றது. மாஸ்டருக்கு முப்பத்தொன்று, சிஷ்யைக்கு நாற்பத்தைந்து. தையல் கடையை மூடிவிட்டு இந்த மலையடிவார பைக் பட்டறையில் சேர்ந்து இரண்டு வருஷம். வயசைச் சொல்லிக் கிண்டல் செய்தால் சிரித்துவிடுவாள். வேலையைச் சொன்னால் தாங்கமாட்டாள்.

வண்டி பொன்னுரங்கத்துடையது. மலைக்குப் பன்னும் ரொட்டியும் கொண்டுபோய் விற்கிறவர். ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. இறங்கும்போது நாலைந்து வளைவில் பிரேக் போட்டதும், கையை எடுத்தாலும் முன்சக்கரத்தைப் பிரேக் விடுவதில்லை. நிறுத்தி ஆறவிட்டால் நல்ல பிள்ளையாகிவிடும்.

நேற்று நிறுத்தி ஆறவிட நேரமே கிடைக்கவில்லை. வளைவில் சக்கரம் அப்படியே நின்றுவிட, கட்டைச்சுவருக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் விழுந்தார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"இன்னைக்கும் போவீங்களா?" என்று பட்டறை வாசலில் பன் பெட்டியோடு நின்ற பொன்னுரங்கத்தைக் கேட்டாள்.

"போகாம? மேல பதினோரு கடைக்காரங்க பாத்துக்கிட்டு இருப்பாங்களுங்க."

வளர்மதி வண்டியை எடுத்தாள். சாலையில் மேலும் கீழுமாகப் பிரேக்கைப் போட்டுப் போட்டு ஓட்டினாள். சக்கரம் இறுகியதும் தள்ளிக்கொண்டு வந்து, முன்பக்கத்தைப் பெட்டி வைத்துத் தூக்கினாள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் அசையவில்லை. மூன்று நாளாக ஆறிப்போன வண்டியையே பார்த்துக்கொண்டிருந்த புத்திசாலித்தனத்தை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சக்கரத்தைப் பிடிக்கும் காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற ஒரு சின்னத் திருகு உண்டு. அதை லேசாகத் தளர்த்தினாள்.

பிரேக் ஆயில் சுர்ரென்று பீய்ச்சியது. சக்கரம் விட்டுவிட்டது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காலிப்பர்தான் இறுகியிருக்கிறது என்றால் ஆயில் வெளியேறினாலும் சக்கரம் விட்டிருக்காது. அழுத்தம் மேலேயிருந்து வருகிறது. மேலே இருப்பது கைப்பிடியும் பிரேக் லிவரும். லிவர் புதுசு, பத்து நாளைக்கு முன்னால் மாஸ்டர் மாட்டியது. அதன் போல்ட்டில் மஞ்சள் புள்ளி.

மாஸ்டர் தன் கையால் முடுக்கிய போல்ட்டுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் வைப்பார். மஞ்சள் இருந்தால் அங்கே வேலை முடிந்தது என்று அர்த்தம். பக்கத்துப் பட்டறைக்காரர்கள்கூட அதில் கை வைக்கமாட்டார்கள். மூன்று தடவையும் வளர்மதி அதைத் தாண்டித்தான் போயிருந்தாள்.

"மாஸ்டர், லிவரைக் கழட்டணும்."

"அது நான் போட்டது."

"தெரியும்."

"மஞ்ச வெச்சிருக்கேன்."

"அதுவும் தெரியும்."

இப்போது மாஸ்டர் தலையைத் தூக்கினார். "கீழ பாருங்கக்கா. மேல கை வெச்சா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தப் பட்டறையும் ஒரு பொம்பளை கையில் ஸ்பேனரைக் கொடுக்காது. அந்தப் பக்கம் பொன்னுரங்கம் பன் பெட்டிக்குக் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"வர வேண்டாம்னா வரல," என்று போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகினாள். பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது.

லிவர் கழன்றதும், அது அழுத்திக்கொண்டிருந்த, ஆயிலை உள்ளே தள்ளும் பிஸ்டன் தானாகக் கொஞ்சம் வெளியே வந்தது. கழிவுப் பெட்டியைக் கிளறி, நுனி வளைந்ததால் கழட்டிப் போட்டிருந்த பழைய லிவரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிஸ்டனை அழுத்தும் மூக்கு, புதுசில் ஒரு மயிரிழை நீளம். கையை எடுத்த பிறகும் அது அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சூடேறிய ஆயிலுக்குத் திரும்பிப் போக வழியே இல்லை.

பழைய லிவரை மாட்டினாள். ஆயில் ஊற்றிக் குழாயில் இருந்த காற்றை எடுத்தாள். மறுபடி சாலையில் சூடேற்றிக் கொண்டுவந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அது பாட்டுக்குச் சுற்றியது.

இரண்டையும் பார்க்கட்டும் என்று கழிவுப் பெட்டியில் கிடந்த அதே மாதிரி இன்னொரு பழைய லிவரையும் புதுசையும் மாஸ்டர் முன்னால் வைத்தாள். கையைக் கழுவினாள். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"உங்க பேச்சை மீறினேன். மன்னிப்பெல்லாம் கேக்கமாட்டேன் மாஸ்டர். இந்த மாதிரி இன்னொரு வண்டி வந்தாலும் கழட்டுவேன்."

மாஸ்டர் இரண்டு லிவரையும் மூக்கோடு மூக்கு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"இதே லிவரை இன்னும் ரெண்டு வண்டிக்குப் போட்டிருக்கேன். ரெண்டும் காலையில மலையேறிடுச்சு. மேல சிக்னலும் கிடைக்காது."

சட்டைப் பையிலிருந்து தன் வண்டிச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். போய் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வாங்கக்கா. அவங்க இறங்க ஆரம்பிக்கறதுக்குள்ள போயிடணும்."