ஒட்டாத கால்

"ஒன்று, பஞ்சப்படியை வெட்டினார்கள். இரண்டு, ஏன் என்றவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். மூன்று, வெளியே நின்றவர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். நான்கு, மில்லைப் பூட்டினார்கள். ஐந்து, பூட்டிய சாவியைக் காட்டி ஒப்பந்தம் பேசினார்கள். ஆறு, எங்களிலேயே ஒருத்தி அதில் கையெழுத்துப் போட்டாள்."

வெள்ளியங்கிரி கொண்டுவந்த கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்தார்.

"ஏழு, இத்தனையும் ஏற்றினால் இந்தப் பெட்டி இடமில்லை என்கிறது."

மெஹர் டீச்சர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திருப்பி ஸ்க்ரூவைத் தேடினார்.

உக்கடத்தில் அவருடைய பழுதுபார்க்கும் கடை. பழைய எட்டு பிட் கம்ப்யூட்டர்களைக் குப்பையில் போட மனமில்லாதவர்கள் அவரிடம் வருவார்கள். வெள்ளியங்கிரி மில் தொழிலாளர் சங்கத் தலைவர். டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். தலை நரைத்தபின் அவரிடம் தொழில் பழக வந்தவர்.

"வேற புதுசு ஒண்ணு வாங்கலாமுங்களே, தோழர்."

"புதுசு எல்லாம் நன்கொடையில வரும். நன்கொடை எங்கேயிருந்து வரும்னு எனக்குத் தெரியும். இது தொழிலாளி காசுல வாங்கினது."

"நோட்டீஸ் அடிக்கலாமே?"

"கிழிக்கிறாங்க. இதை டிவியில மாட்டி ஓட்டினா எதைக் கிழிப்பாங்க?"

தமிழ் எழுத்துகளை ஒவ்வொரு புள்ளியாக வெள்ளியங்கிரியே வரைந்து பெட்டிக்குள் ஏற்றியிருந்தார். அதிலேயே பாதி இடம் போய்விட்டது. குற்றப்பத்திரிகை மீதியில் அடங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பொதுக்குழு" என்றார். "எல்லாக் குற்றமும் வரிசையா ஓடணும். அப்புறம் நீக்கம். அதுக்கப்புறம் அவ வீட்டு நல்லது கெட்டதுக்கு மில் லைன் வீட்டுல ஒருத்தரும் போக மாட்டோம்."

"அந்த அம்மா பேரு?"

"சொன்னா வாய் கசக்கும்."

டீச்சர் எட்டு நினைவக ஐ.சி.க்களை அவர் முன்னால் வைத்தார்.

"உள்ளே இதே மாதிரி எட்டு இருக்கு. ஒவ்வொண்ணு முதுகுலயும் ஒண்ணை ஏத்துங்க. கால்மேல கால் வெச்சு ஈயம் விடுங்க. சிவப்பு மை வெச்ச காலை மட்டும் ஒட்டாதீங்க. மேலே மடக்கி விட்டுடுங்க."

தேநீர் குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. ஈயம் பளபளவென்று நின்றது. மடங்கிய கால் ஒன்றுகூட இல்லை.

"எல்லாத்தையும் ஒட்டிட்டீங்க."

"ஆமா. பதினஞ்சு கால் ஒண்ணா நிக்கிறப்ப ஒண்ணு மட்டும் ஏன் விலகி நிக்கணும்? எங்க மில்லுல அதுக்குக் கருங்காலின்னு பேரு."

டீச்சர் பெட்டியை டிவியில் மாட்டி, நினைவகத்தை எண்ணும் சோதனையை ஓட்டினார்.

64 என்று வந்தது.

"முன்னேயும் அதானே இருந்துச்சு?"

"அதான்."

"ஐ.சி. போச்சா?"

"பதினாறும் நல்லா இருக்கு."

"பின்னே ஏத்தின எட்டும் என்ன பண்ணுது?"

"கீழே இருக்கறது எதை எழுதி வெச்சிருக்கோ, அதையே மேலே இருக்கறதும் எழுதி வெச்சிருக்கு. கேட்டா ரெண்டும் அதையே சொல்லுது."

வெள்ளியங்கிரி திரையைப் பார்த்தார்.

"ஒத்துமையாத்தானே இருக்கு?"

"ரொம்ப ஒத்துமை."

டீச்சர் சால்டரிங் அயர்னையும் நோஸ் பிளையரையும் அவர் பக்கம் தள்ளினார்.

ஈயத்தை உருக்கிக் காலைப் பிரிப்பது, ஒட்டுவதைவிடக் கடினம். ஒரு கால் முறிந்தது. டீச்சர் வேறு ஐ.சி. கொடுத்தார். பிரிந்து நின்ற எட்டுக் கால்களையும் ஒரு தனிக் கம்பியில் கோத்தார்கள்.

"இந்தக் கம்பி எதுக்கு?"

"அதைக் கூப்பிட."

"கூப்பிடலேன்னா?"

"பேசாது. உள்ளே இருக்கறதை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கும்."

"கூப்பிட்டா?"

"கீழே இருக்கறது அந்த நேரம் வாயை மூடிக்கும்."

சோதனை ஓடியது. 128.

குற்றப்பத்திரிகை முழுவதும் ஏறியது. ஏறிய பிறகும் நிறைய இடம் கிடந்தது.

"மீதியில என்ன போடப்போறீங்க?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்லை. எங்க தரப்பு அவ்வளவுதான்."

டீச்சர் டிவியை அணைத்தார்.

வெள்ளியங்கிரி பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில் கொஞ்சம் நின்றார். பிறகு போனார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடம் நிரம்பியிருந்தது. டிவியில் குற்றங்கள் வரிசை மாறாமல் மேலேறின. யாராலும் கிழிக்க முடியவில்லை.

"நீக்கு!" என்றது முன்வரிசை.

"நீக்கு!" என்றது நடுவரிசை.

பின்வரிசையும் அதையே சொன்னது.

கையெழுத்துப் போட்டவள், நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவுக்காரி, கதவோரம் நின்றிருந்தாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை நீக்குவதானால், சாட்சிகளை எழுப்பி நிறுத்தித் தலைவர் நீக்கப்படுபவர் பெயரை வாசிக்க வேண்டும். ஒருவர் மேடையில் பேசுவதானாலும் அப்படித்தான். பெயர் வாசிக்கப்படாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. இரண்டு விதியையும் எழுதியவர் வெள்ளியங்கிரி.

சாட்சிகள் மூவர் எழுந்து நின்றார்கள்.

"வாசிங்க தோழர், மணியாகுது" என்றார் ஒருவர். "இதுக்குப் போயி எதுக்கு யோசனை?"

வெள்ளியங்கிரி மைக்கைக் கையில் எடுத்தார். டிவியை அணைத்தார்.

கூட்டம் இன்னொரு முறை "நீக்கு" என்றது. அவர் அது அடங்கும்வரை காத்திருந்தார். அடங்க நேரமானது.

"சாட்சிகள் கேட்டுக்குங்க" என்றார். "பேச அழைக்கிறேன். கோன் வைண்டிங் பிரிவு, தோழர் நஞ்சம்மாள்."