குழந்தைகள் வார்டின் பெயர்

“அந்த ஊர்ல என்னை வீட்டுக்குள்ள கூப்பிட ஒருத்தரும் இல்லைம்மா” என்றார் சிற்றம்பலம்.

ஆப்பிரிக்காவில், ஒரு ஏரிக்கரை ஊரில் அவருக்கு வேலை. பல நாடுகளில் சாயத் தொழிற்சாலை நடத்தும் நிறுவனம். ஊருக்கு நல்லது செய்யும் பிரிவுக்கு இவர்தான் தலைவர். விடுமுறைக்கு வந்தவர் நேரே மலையேறி ஆசிரமத்துக்கு வந்துவிட்டார்.

குரு மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் இளையவர். மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்கு என்ன செஞ்சீங்க?”

“ஆஸ்பத்திரி கட்டினோம். எல்லாமே இலவசம். திறப்பு விழாவுல ஊரே ஆடிச்சு. மறுநாள் தெருவுல நடந்தேன். கதவைச் சாத்திக்கிட்டாங்க.”

“முன்னாடியும் அப்படித்தானா?”

“இல்லைம்மா. ஹலீமான்னு ஒருத்தி. நான் போன புதுசுல கூப்பிட்டு உட்காரவெச்சு டீ கொடுப்பா. அவ பையன் என் தோள்ல ஏறி இறங்கமாட்டான்.”

தோளைத் தடவிக்கொண்டார்.

“சொல்லுங்க.”

“எங்க சாயக் கழிவு அந்த ஏரியிலதான் விழுது. அவங்களுக்குக் குடிக்கிற தண்ணியும் அதுதான். அந்தப் பையன் வயிறு வீங்கிப் படுத்தான். போயிட்டான்.”

குருவின் கையில் மொச்சை அப்படியே நின்றது.

“நான் சும்மா இருக்கலம்மா. மேலிடத்துல மல்லுக்கட்டி, குழந்தைகள் வார்டுக்கு அவன் பேரையே வெச்சேன். பித்தளை எழுத்து. ஹலீமாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்.”

“என்ன சொன்னா?”

“‘இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வாடான்னு நான் கூப்பிடுற பேரு இது’ன்னா. அவ்வளவுதான். அப்புறம் என் முகத்தையே பார்க்கல.”

குரு மொச்சையைக் கீழே வைத்தார்.

“பங்களாவுல பெரிய சாப்பாட்டு மேசை. ஓரத்துல ஒரு தட்டு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சமையல்காரர்கூட வெச்சுட்டு வெளிய போயிடறார்.”

கீழே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“ஏரிக்குப் போற குழாய்?” என்றார் குரு.

“ஓடுது.”

“இன்னைக்கும்?”

“இன்னைக்கும்தான். அதை நிறுத்துற அதிகாரம் எனக்கு இல்லைம்மா. மேலிடம்தான் முடிவு பண்ணணும்.”

“கேட்டீங்களா?”

சிற்றம்பலம் மலைச்சரிவைப் பார்த்தார்.

“பேருக்குத்தான் கேட்டேன்.”