பெஞ்சுக்கு ஒரு குழாய்

"நான் காடு கேட்டா, இந்த உலை எனக்கு இடியாப்பம் அவிச்சுக் குடுக்குது மேடம்!"

சிங்கராயர் நொந்துபோய்ச் சொன்னார். பாலிடெக்னிக் வாத்தியார். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஆசைப்பட்டு, சம்பளமில்லா விடுப்பில் வந்த மனுஷன்.

அந்த விடுப்பும் இந்த வாரத்தோடு சரி. கார்பன் நானோ குழாய்கள் சிப்பின் மேல் காடு மாதிரி நெட்டுக்குத்தாக எழுந்து நின்றால் பட்டம். இல்லையென்றால் வந்த வழியே சாக்பீஸைத் தேடிப் போக வேண்டியதுதான்.

அவருடைய குரு ரஹ்மத்துன்னிசா, வயதில் அவருக்குத் தங்கச்சி முறை. இவர் அவரை 'மேடம்' என்பார், அவர் இவரை 'சார்' என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் யார் குரு, யார் சிஷ்யன் என்று குழப்பம்.

"விதை எப்படிப் போட்டீங்க சார்?"

விதை என்றால் இரும்பு. நகத்தளவு சிலிக்கான் சிப்பில் இரும்பை மெல்லிசாகப் பூசி உலையில் வைத்தால், சூட்டில் அது கண்ணுக்குத் தெரியாத பொட்டுப் பொட்டாக உடையும். மேலே வாயுவை ஓடவிட்டால் பொட்டுக்கு ஒரு குழாய் முளைக்கும். முளைப்பதில் ஒரு குறையும் இல்லை. நிற்கத்தான் மாட்டேன் என்றது. சாய்ந்து, சுருண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தது.

"ஒவ்வொரு தடவையும் பூச்சைக் குறைச்சுக்கிட்டே வர்றேன் மேடம். விதை தள்ளித் தள்ளி விழணும்ல? இடம் இருந்தாத்தானே ஒண்ணு மேல ஒண்ணு சாயாம வளரும்?"

"இந்த யோசனையை எங்கே பிடிச்சீங்க?"

"பரீட்சை ஹால்லதான். பெஞ்சுக்கு ஒருத்தனை உட்கார வெச்சாத்தான் எவனும் எவன் பக்கமும் சாய மாட்டான்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"வாங்க சார், டீ குடிச்சிட்டு வருவோம்."

"கேன்டீனுக்கா?"

"பஸ் ஸ்டாண்டுக்கு."

மாதாவே, குடி முழுகிப் போகிற நேரத்தில் டீயா! சிங்கராயர் உலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் போனார். குரு கூப்பிட்டால் போகாமல்?

நடுப்பகல் பஸ் காற்றாடிக்கொண்டு வந்தது. சிங்கராயர் ஒரு சீட்டைப் பார்த்து நகர்ந்தார்.

"உட்காராதீங்க சார். நடுவுல நில்லுங்க. கம்பியைப் பிடிக்கக் கூடாது."

சொல்லிவிட்டு மேடம் சொகுசாக ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

டிரைவர் ஒரு பிரேக் போட்டார். சிங்கராயர் தடதடவென்று ஓடிப்போய்க் கண்டக்டர் மடியில் விழுந்தார்.

"என்ன பெரியவரே, இத்தனை சீட்டு காலியா கிடக்கு. உட்கார்ந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

மானம் கப்பலேறியது. மேடம் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார்.

டீ குடித்தார்கள். திரும்பிப் போக பஸ் வந்தது. மேடம் ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை. சாயங்காலம் ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு, மில் ஷிப்ட் விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஒரு பஸ் வந்தது.

"நம்ம பஸ் வந்துடுச்சு சார்."

உள்ளே புளிமூட்டை அடைசல். சிங்கராயருக்கு வயிற்றில் ஒரு புத்தகப் பை, முதுகில் ஒரு டிபன் கேரியர், விலாவில் யாருடைய முழங்கையோ. எக்கிக் கம்பியைப் பிடித்தார்.

"சார், கம்பி!" பெண்கள் பக்கத்திலிருந்து அதட்டல் வந்தது.

விட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ குறுக்கே பாய, டிரைவர் பிரேக்கை ஏறி மிதித்தார். சிங்கராயர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை.

மொத்த பஸ்ஸும் ஒரு சாய்வு சாய்ந்து நிமிர்ந்தது. ஆட்டோக்காரனை நாலு பேர் திட்டினார்கள். சிங்கராயர் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தார். விழ நினைத்தாலும் அங்கே விழ வழியில்லை.

கண்ணைத் திறந்தார். முன்னால் ஒரு தோள், பின்னால் ஒரு தோள்.

"மேடம்! பூச்சு!" என்று கத்தினார்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"கேட்குது சார். இறங்கிப் பேசலாம்," என்றார் மேடம்.

மறுநாள் காலை சிங்கராயர் இரும்பை மிச்சம் பிடிக்கவில்லை. விதை விதையை உரசுகிற மாதிரி பூசினார். உலையில் வைத்தார், ஆறவிட்டார், எடுத்துப்போய் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

திரையில் காடு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒட்ட வெட்டிய தலை மாதிரி, சாயாமல் சுருளாமல்.

அப்பாடா! நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது அவருக்கு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெட்கப்படாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நிக்குது மேடம்! நிக்குது!"

"எது நிக்குது? காட்டுங்க பார்ப்போம்."

சிங்கராயர் திரைக்கு நேரே விரலைக் கொண்டுபோனார். ஒன்றைத் தேடினார். விரல் இங்கே போனது, அங்கே போனது, கடைசியில் தானாகவே இறங்கியது.

"எல்லாரும்தான் மேடம்," என்றார்.