காமாஸ் பூவுக்கு நீலம் வந்தது

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. பனிமலை அடிவாரத்துப் புல்வெளியில் பிளாக்ஃபுட் என்னும் பழங்குடி மக்கள் எருமைக் கூட்டத்தின் பின்னால் கூடாரங்களோடு அலைந்த நாட்கள் அவை. ஈரமான பள்ளங்களில் காமாஸ் கிழங்கு விளையும். சுட்டுத் தின்றால் நாக்கில் இனிப்பு நிற்கும். அதன் பக்கத்திலேயே, ஒட்டிப் பிறந்த மாதிரி, சாவுக்கிழங்கும் விளையும். இரண்டுக்கும் ஒரே இலை, ஒரே வெள்ளைப் பூ, ஒரே உருண்டை.

ஆனாலும் யாரும் பயப்படவில்லை. தோண்டுகிறவள் குனிந்து, "நீ யாரு?" என்று கேட்பாள். "நான் சாப்பாடு" என்று காமாஸ் சொல்லும். "நான் சாவு, உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ" என்று மற்றது சொல்லும். பொய் சொல்லத் தெரியாத ஜென்மங்கள். ஆனால் கேட்காதவரை வாய் திறக்காது.

சினோபாக்கி என்றொருத்தி இருந்தாள். புருஷன் வேட்டைக்குப் போய் எட்டு நாளாகியும் திரும்பவில்லை. மகள் பிக்சிக்கு ஐந்து வயது. முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். விடிந்ததும் சினோபாக்கி தோண்டுகோலும் தோல்பையுமாகப் பள்ளத்தில் இறங்கினாள்.

இருபது அடி தள்ளி ஒரு சாம்பல் கரடி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பிவிடலாம்தான். திரும்பினால் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? குனிந்து, கேட்பதற்கு வாயைத் திறந்தாள். கரடியின் காது அசைந்தது. வாயை மூடிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேட்காமலே தோண்டினாள். பை நிறைந்தது. கிழங்குகளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கூடாரத்தில் பிக்சி பையைக் கண்டதும் ஓடி வந்தாள். கிழங்கை வாயில் வைக்குமுன் தோண்டியவளிடம் ஒரு வார்த்தை கேட்பது அங்கே வழக்கம்.

"கேட்டியாம்மா?"

அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கரடிக்குப் பயந்து ஊமையாக நின்றேன் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. இதற்குமுன் அந்தப் பள்ளத்தில் எடுத்ததெல்லாம் நல்ல கிழங்குதானே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

"கேட்டேன்டி."

அம்மா சொன்னால் சரிதான். சுடும்வரை பொறுக்காமல் பிக்சி ஒரு கிழங்கைக் கடித்துத் தின்றாள்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் வாயோரம் எச்சில் ஒழுகியது. கால் துவண்டது. "அம்மா, குளுருது" என்றாள். உதடு நீலம் பாரித்தது. சினோபாக்கி பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்துக்கே ஓடினாள். அவளுக்குப் போக வேறு இடம் தெரியவில்லை.

"சொல்லுங்க, நான் எதைக் கொடுத்தேன்? எம்பிள்ளையைக் காப்பாத்துங்க" என்று கத்தினாள்.

கரடி எழுந்து நின்றது. அவள் ஓடவில்லை.

"காலையில இந்தக் குரல் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுக் கரடி ஒதுங்கி உட்கார்ந்தது.

"நீ கொடுத்தது என்னைத்தான்," என்றது சாவுக்கிழங்கு. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் மண்ணில் விழுந்து அழுதாள். குழந்தையின் மூச்சு விட்டு விட்டு வந்தது. கடைசியில் காமாஸ் பேசியது.

"அவ உதட்டு நீலத்தை என் பூவுல ஒத்து. நான் சுமக்கிறேன். ஆனா அந்த விஷம் என் தொண்டையை அடைச்சிரும். அப்புறம் நீ கேட்டாலும் என்னால சொல்ல முடியாது."

சினோபாக்கி பூவைப் பறிக்காமல் வளைத்து மகளின் உதட்டில் ஒத்தினாள். வெள்ளைப் பூ நுனியிலிருந்து நீலமானது. பள்ளம் முழுக்க அந்த நீலம் பரவியது. பிக்சி இருமினாள், அழுதாள், பசிக்கிறது என்றாள்.

"நீ யாரு?" என்று சினோபாக்கி நீலப் பூவிடம் கேட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. கூட்டாளி வாயடைத்துப் போன பிறகு சாவுக்கிழங்கும் பேச்சை விட்டுவிட்டது. அதன் பூ மட்டும் வெளுத்தே நின்றது.

அன்று முதல்தான் காமாஸ் நீலமாகப் பூக்கிறது. அந்த நீலத்தைக் காணாமல் யாரும் அங்கே தோண்டுவதில்லை. கிழங்கை வாயில் வைக்குமுன் பிள்ளைகள் அம்மாவிடம் இப்போதும் ஒரு வார்த்தை கேட்கிறார்கள்: "பாத்தியாம்மா?"