ரசத்தைக் கட்டிய மூன்று மந்திரிகள்

ஈச்சங்குழி என்றொரு நாடு. நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அரண்மனை மாடியில் ராஜா தும்மினால் எல்லைக் காவலன் முகத்தைத் துடைத்துக்கொள்வான். அவ்வளவுதான் நாடு.

ஒருநாள் ராஜா அகண்டவீரர் சபை நடுவே நிஜமாகவே தும்மினார். வழக்கப்படி எல்லோரும் "நூறு வயசு!" என்று வாழ்த்தினார்கள். இன்னொரு தும்மல் வந்திருந்தால் "இருநூறு!" என்றிருப்பார்கள். ராஜாவும் சூரியனைப் பார்த்தார், மூக்கைக் கசக்கினார். கண்ணீர் வந்ததே தவிர தும்மல் வரவில்லை.

ராஜாவின் முகம் வாடிவிட்டது.

"நூறுதானா? அதில் ஐம்பதை ஏற்கெனவே செலவழிச்சிட்டேனே!"

ராஜா தன் மூன்று மந்திரிகளைக் கூப்பிட்டார். மூத்தவர் செம்புலிங்கம், அடுத்தவர் ஆவுடையப்பர், இளையவர் கூத்தபெருமாள். மூவருடைய தலைப்பாகைகளையும் சேர்த்து நிறுத்தால் நல்ல கனம் இருக்கும். கனமெல்லாம் துணியில்தான்.

"ஊமத்தைச் சித்தர்னு ஒரு ரசவாதி இருக்காராமே, கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார் ராஜா.

கேள்விப்படாதவர் யார்? அவர் தொட்டால் இரும்பு பொன்னாகும் என்பார்கள். எமன் ஒருமுறை அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றானாம். உள்ளே வா என்று யாரும் கூப்பிடாததால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனானாம்.

"அவர்கிட்டே போய்ச் சாகாத மருந்தோடு வாங்க. மருந்து பலிக்கலைன்னா உங்க தலை கழுத்து மேலே இருக்காது."

"பின்னே எங்கே இருக்கும், மகாராஜா?" என்று கேட்டார் கூத்தபெருமாள்.

"தரையிலே."

"தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன், மகாராஜா."

மூவரும் புறப்பட்டார்கள். ஊர் எல்லை தாண்டியதும் ஆவுடையப்பருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, ரசவாதின்னா என்ன அர்த்தம்?"

செம்புலிங்கம் நடையை நிறுத்தி, தாடியைத் தடவினார். "வாதின்னா வழக்குப் போடுறவன். ரசவாதின்னா ரசத்து மேலே வழக்குப் போட்டவர்."

"அப்போ பிரதிவாதி?"

"சாம்பாரா இருக்கும்."

"தப்பு, அண்ணே. ரசத்து மேலே வழக்குன்னா ரசம்தானே பிரதிவாதி? சாம்பார் சாட்சி" என்றார் கூத்தபெருமாள்.

இதில் மூவருக்கும் கொஞ்ச நேரம் சண்டை. கடைசியில், ரசத்தைக் குற்றம் சொல்கிறவர் யாரோ அவரே ரசவாதி என்று முடிவாயிற்று.

வழியில் ஒரு சத்திரம். உள்ளே பந்தியில் ஒரு ஜவுளி வியாபாரி இலையைத் தள்ளிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "இதுக்குப் பேரு ரசமா? புளி எங்கே? மிளகு எங்கே? வெந்நீரை ஊத்திட்டு ரசம்னு சொல்றியே!"

மூன்று தலைப்பாகைகளும் அவர் காலடியில் விழுந்தன.

"சாமி! சாகாத மருந்து தரணும்!"

"எழுந்திருங்கய்யா! இந்த ரசத்தைக் குடிச்சிட்டு நான் பிழைச்சாலே பெரிய விஷயம், என்கிட்டே வந்து மருந்து கேக்குறீங்க!"

விஷயத்தைக் கேட்டதும் வியாபாரி மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். வாசலுக்கு அழைத்து வந்து, எதிரே தெரிந்த மலையைக் காட்டினார். "உச்சியிலே புகை வருது பாருங்க. சித்தர் அங்கேதான் இருக்கார். தயவுசெய்து இப்பவே போயிடுங்க."

மலை உச்சியில் ஒரு குகை. உள்ளே அடுப்பு எரிந்தது. தோல் துருத்தி பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஊமத்தைச் சித்தர் கல்வத்தில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தார்.

செம்புலிங்கம் கைகட்டி நின்றார். "சாமி எத்தனை காலமா சாகாம இருக்கீங்க?"

"பிறந்ததிலிருந்து."

செம்புலிங்கம் தம்பிகளிடம் குனிந்து, "நானும் அப்படித்தான்டா இருக்கேன்!" என்றார்.

"பெரியவங்க முன்னாலே பெருமை பேசாதீங்க, அண்ணே" என்று அதட்டினார் ஆவுடையப்பர்.

பிறகு மூவரும் வந்த காரியத்தைச் சொன்னார்கள். சித்தர் அரைப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"ரசத்தைக் கட்டு. காயத்தைக் காப்பாற்று. வாயைக் கட்டு. சாவு அண்டாது. போய் வாருங்கள்."

சித்தர் சொன்ன ரசம் பாதரசம். அதைக் கெட்டியாக்குவதைத்தான் கட்டுவது என்பார்கள். காயம் என்றது உடம்பை. வாயைக் கட்டு என்றது பத்தியத்தை. இது உங்களுக்கும் புரிகிறது, எனக்கும் புரிகிறது. மந்திரிகளுக்கும் புரிந்துவிட்டது. அதுதான் வினை.

"இவ்வளவுதானா!" என்றார் கூத்தபெருமாள், மலையிறங்கும்போது. "ரசம் நம்ம அரண்மனையிலேயே இருக்கு. காயம் அஞ்சறைப் பெட்டியிலே இருக்கு. வாய் ராஜாவுக்கே இருக்கு. எதையும் வெளியே வாங்க வேண்டாம்!"

அரண்மனைக்கு வந்ததும் சமையற்காரரை ஓர் அண்டா ரசம் வைக்கச் சொன்னார்கள். தேர்வடம் கொண்டுவந்து ரசத்துக்குள் விட்டு, சுற்றி, முடிச்சுப் போட்டு இழுத்தார்கள். வடம் வந்தது. ரசம் வரவில்லை.

"திமிறுது, அண்ணே" என்றார் ஆவுடையப்பர்.

"சூடா இருக்குல்ல, கோபமாத்தான் இருக்கும். ஆறட்டும்."

ஆறிய ரசமும் கட்டுப்படவில்லை. கூத்தபெருமாள் அண்டாவைச் சுற்றி வடத்தைக் கட்டினார். செம்புலிங்கம் சிரித்தார். "அண்டாவைக் கட்டினா அண்டாதான்டா கைதி. ரசம் உள்ளே சுகமாத்தானே உலாத்துது?"

வேட்டியில் ஊற்றி மூட்டை கட்டினார்கள். மூட்டை நின்றது, ரசம் போய்விட்டது. தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். அரண்மனைத் தூண்களில் எறும்பு ஏறியது. மூன்று மந்திரிகளுக்கும் கழுத்து அரித்தது. அரிக்கும்போதெல்லாம் கழுத்து இன்னும் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள்.

"ஏரித் தண்ணியை எப்படிக் கட்டுறோம்?" என்றார் ஆவுடையப்பர் திடீரென்று. "கயிறு போட்டா கட்டுறோம்? கரை போட்டுத்தானே கட்டுறோம்!"

மற்ற இருவரும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

தலைவாழை இலை போட்டு, ராஜாவை உட்கார வைத்தார்கள். இலை நடுவே சோற்றைக் குவித்து, வட்டமாகக் கரை எழுப்பினார்கள். கொதிக்கக் கொதிக்க ரசத்தை உள்ளே ஊற்றினார்கள். கரை நின்றது. ரசம் உள்ளேயே நின்றது.

"கட்டிட்டோம்!" என்று மூவரும் குதித்தார்கள்.

"இதைத்தானே நான் தினமும் செய்யறேன்?" என்றார் ராஜா.

"அதனாலதான் மகாராஜா இவ்வளவு நாளா சாகலை" என்றார் செம்புலிங்கம். ராஜாவுக்கு மெய் சிலிர்த்தது. ஒரு வாய் அள்ளப் போனார்.

"பொறுங்க, மகாராஜா! காயம்!"

பெருங்காயக் கட்டி ஒன்றை வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் ஈட்டிக்காரர்கள். சமையற்காரர் ஒரு துணுக்குக் கிள்ளி ரசத்தில் போட வந்தார். ஈட்டி குறுக்கே விழுந்தது.

"காயமில்லாத ரசம் என்ன ரசம்?" என்றார் சமையற்காரர்.

"காயத்தைக் காப்பாத்தச் சொல்லியிருக்கார் சித்தர்" என்றார் ஆவுடையப்பர். "நீ கிள்ளுறே. கிள்ளினா காயத்துக்கே காயம் படாதா?"

சமையற்காரர் பெரிதாகத் தலையை ஆட்டிவிட்டு அடுக்களைக்குப் போனார். இந்த அரண்மனையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும்.

கடைசியாக வாய். கூத்தபெருமாள் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து, "மன்னிக்கணும், மகாராஜா" என்று ராஜாவின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டார்.

இப்போது எல்லாம் சித்தர் சொன்னபடி இருந்தது. ரசம் கட்டப்பட்டிருந்தது. காயம் காவலில் இருந்தது. வாய் மூடியிருந்தது. எதிரே ரசம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ம்ம்... ம்ம்ம்!" என்றார் ராஜா.

"என்ன சொல்றார்?"

"ரசம் நல்லா இருக்காம்."

"இன்னும் குடிக்கவே இல்லையே, அண்ணே?"

"குடிக்காமலே நல்லா இருக்குன்னா, குடிச்சா எப்படி இருக்கும் பாரு!"

"ம்ம்ம்ம்!"

"இன்னும் ஊத்தச் சொல்றார்" என்றார் செம்புலிங்கம். ஆவுடையப்பர் ஒரு கரண்டி ஊற்றினார். கரையில் ஒரு பருக்கை நகர்ந்தது. இன்னொன்று நகர்ந்தது. கரை உடைந்தது. வெள்ளம் இலையைத் தாண்டி நேரே ராஜாவின் மடியில் இறங்கியது.

ராஜா எழும்பிய உயரத்தை அந்த நாட்டில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இளமை திரும்பிடுச்சு!" என்று கைதட்டினார் கூத்தபெருமாள்.

ராஜா வாய்க்கட்டைப் பிய்த்து எறிந்தார். "அடேய்! இதுவா மருந்து? வாளைக் கொண்டு வாங்கடா! மூணு தலையும் இப்பவே கீழே விழணும்!"

வாள் வந்தது. மூவரும் வரிசையாக மண்டியிட்டார்கள். தலைப்பாகையைக் கழற்றும்போது செம்புலிங்கத்துக்கு ஒன்று தோன்றியது.

"மகாராஜா, ஒரே ஒரு கேள்வி. மருந்து பலிக்கலைன்னாத்தானே தலையை எடுப்பேன்னு சொன்னீங்க?"

"ஆமாம்."

"மகாராஜா இப்போ செத்துட்டீங்களா?"

ராஜா தன் மார்பில் கை வைத்துப் பார்த்தார். "இல்லை."

"அப்போ மருந்து பலிச்சிட்டுதானே இருக்கு!"

ராஜா யோசித்தார். அவரும் அதே நாட்டுக்காரர்தான். நியாயம் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அவர் ஏமாறுகிறவர் அல்ல.

"சரி. என்றைக்காவது நான் செத்துட்டா, அன்னிக்குத் தெரியும் உங்க மருந்து பொய்னு. மறுநாள் விடிஞ்சதும் சபைக்கு வருவேன். வேற யாரையும் நம்ப மாட்டேன். என் கையாலேயே உங்க மூணு பேர் தலையையும் வெட்டுவேன். இது ராஜ கட்டளை!"

மந்திரிகள் வெளிறிப்போய் வீடு நோக்கி நடந்தார்கள். கூத்தபெருமாள் அழுதே விட்டார். "கையாலேயே வெட்டுவேன்னுட்டாரே, அண்ணே! சொன்னா செய்யறவராச்சே!"

செம்புலிங்கம் அவர் தோளில் தட்டினார். "அழாதே, தம்பி. விடிஞ்சதும் வருவேன்னுதானே சொன்னார்? நம்ம ராஜா என்னிக்குடா விடியற்காலையிலே எழுந்திருக்கார்? உயிரோட இருக்கும்போதே உச்சி வெயிலுக்கு முன்னாடி கண்ணைத் திறக்க மாட்டார். செத்த அசதியிலே எழுந்திருச்சிடுவாரா?"

மூவரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அதே நேரம் அரண்மனையில் ராஜா தன் பள்ளியறைக் காவலனைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"நான் செத்த மறுநாள் மட்டும் என்னைக் கோழி கூப்பிடும்போதே எழுப்பிடணும். தூங்குறேன்னு இரக்கப்படாதே. குரலுக்கு எழுந்திருக்கலைன்னா, முகத்திலே தண்ணி தெளி. முக்கியமான வேலை இருக்கு!"