கொட்டாவி முகத்துக்கு ஒரு கட்டைவிரல்

முன்னொரு காலத்தில் குமண்டூர் நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நேரத்துக்கொரு குணம். சபையில் அலுப்புத் தட்டினால் எதிரே நிற்பவரைக் காட்டி, "இவர் தலையை எடுத்துவிடுங்கள்" என்பான். குரல் கொஞ்சமும் மாறாது. உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அதைக் கண்டு சபையே சிரிக்கும்.

அந்த ஊர்ச் சந்தை வாசலில் பெரிய பலகைச் சுவர் ஒன்று உண்டு. ஏரி தூர்ந்தாலும் சரி, கோயில் யானைக்கு மதம் பிடித்தாலும் சரி, எழுதத் தெரிந்தவர்கள் தங்கள் கருத்தை ஓலையில் எழுதி அங்கே தொங்கவிடுவார்கள். மற்றவர்கள் அதன் கீழே கரியால் ஒரு முகம் வரைந்துவிட்டுப் போவார்கள். சிரித்த முகம், சினந்த முகம், கண்ணீர் விடும் முகம். எழுத்தறியாதவர்களும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுத் தங்கள் முகத்தை வரைவார்கள்.

அரசவைப் புலவர் திருவம்பலத்துக்கு இது வயிற்றெரிச்சல். ஏரிக்கரையைப் பற்றி அவர் நாற்பது பாட்டு எழுதித் தொங்கவிட்டிருந்தார். மறுநாள் பார்த்தால், அதன் கீழே வாய் பிளந்து கொட்டாவி விடும் முகம்! வரைந்தவன் குயவன் சடையன்.

புலவர் சபைக்கு ஓடினார். "மன்னா, சொல் இருக்கும்போது பொம்மை எதற்கு? சொல்லே போதும். இப்படியே விட்டால், நாளைக்குத் தங்கள் ஆணையின் கீழேயும் கொட்டாவி விடுவார்கள்!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. சுவரில் முகம் வரைந்தால் கட்டைவிரல் போகும் என்று சட்டம் போட்டான். சடையனின் விரல் அன்றைக்கே போயிற்று. கட்டைவிரல் இல்லாத குயவன் சக்கரத்தில் மண்ணை எப்படிப் பிடிப்பான்?

ஏழு நாள் கழித்து அவன் மனைவி காத்தாயியைக் கட்டி இழுத்து வந்தார்கள். சுவரில் தொங்கிய அந்தச் சட்ட ஓலையின் கீழே கண்ணீர் விடும் முகம் வரைந்திருந்தாள்.

"சட்டம் தெரியாதா?" என்றான் ராஜா.

"தெரியும் சாமி. எனக்கு எழுதத் தெரியாது. அழத்தான் தெரியும்."

மந்திரி இளங்காரி அவள் கையைப் பார்த்தார். அந்த வீட்டில் மிச்சமிருப்பது இவள் கைதான். அவர் எழுந்து, "மன்னா, தண்டனை உச்சிப்பொழுதுக்கு நடக்கட்டும். ஆனால் சொல்லே போதும் என்பது சுவருக்கு மட்டும்தானா? அதுவரை இந்தச் சபையிலும் எல்லோரும் முகத்தை மூடிக்கொள்வோமே. தாங்களும்தான்" என்றார்.

புதுசாக ஏதாவது என்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. காவலர் முதல் மன்னன் வரை கண்ணுக்கு மட்டும் இரண்டு துளை விட்ட துணியைப் போர்த்திக்கொண்டார்கள். புலவருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. சொல்லின் பெருமை பற்றிப் பாடத் தொடங்கினார். பாடினார், பாடிக்கொண்டே இருந்தார்.

"இவர் தலையை எடுத்துவிடுங்கள்" என்றது அரியணையிலிருந்த துணி.

யாரும் சிரிக்கவில்லை. காவலர் இருவர் வந்து புலவரைக் குப்புறத் தள்ளினார்கள். ஒருவன் வாளை உருவினான்.

"ஐயோ, மன்னர் விளையாட்டுக்குச் சொல்கிறார்! அந்தத் துணியை எடுங்கள்! அவர் முகத்தைப் பாருங்கள்!" என்று அலறினார் புலவர்.

"முகம் எதற்குப் புலவரே? சொல்தான் இருக்கிறதே" என்றார் மந்திரி.

ராஜா தன் துணியைப் பிய்த்தெறிந்தான். "நிறுத்துங்கள்! நான் சிரித்துக்கொண்டுதானே சொன்னேன்..." என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். வாள் புலவரின் பிடரியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சட்டம் அப்போதே கிழிபட்டது. தரையிலிருந்து எழ முடியாமல் கிடந்த புலவரைப் பதவியிலிருந்து நீக்கினான் ராஜா. தன் முத்து மாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டு, "உம்மைப்போல் புத்திசாலி எந்த நாட்டிலும் இல்லை!" என்றான். சபை ஆர்ப்பரித்தது.

கட்டவிழ்ந்த காத்தாயி மந்திரியின் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தார் அவர்.

"ஐயா, இந்த யோசனை உங்களுக்கு இன்னிக்குத்தான் வந்துச்சா?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "இல்லையம்மா. சட்டம் போட்ட அன்றைக்கே வந்தது. மன்னர் கோபமாக இருந்தார்."

காத்தாயி தலையை ஆட்டினாள். கணவனுக்குச் சோறு ஊட்டும் நேரமாகிவிட்டது என்று வீட்டுக்கு நடந்தாள்.